கை சிறுத்த நாள்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நேற்று விசாரணை முடிந்து படியிறங்கும்போது, "நல்லாத்தானே இருக்கே?" என்று கேட்டீர்கள். இல்லை என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன்னால், அறைக்குள், வழக்கம்போல் பேனாவை மேசையில் படுக்க வைத்து, முறையை மாற்றிக்கொள்ளலாமா என்று ஜாடையில் கேட்டீர்கள். அப்போதும் சரி என்று நான் சொல்லவில்லை. அதற்கும் முன்னால் விசாரணை அதிகாரி, "எல்லாரும் தயாரா?" என்று பொதுவாகக் கேட்டார். நான் தயாராக இல்லை என்று சொல்லவில்லை. சைகை மொழிபெயர்ப்பு என்ற நம் வேலையில் நமக்கென்று சொந்தப் பேச்சு கிடையாது. அந்த அறையில் நம் கையிலும் வாயிலும் வருவதெல்லாம் வேறொருவருடையது. அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன்.

உள்ளே நடந்ததை அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது. ஆகவே ஜோடியாக வேலை பார்க்கும் உங்களிடம்தான் சொல்லியாக வேண்டும். போனில் என்றால் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அது முடியாது.

நீங்கள் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தீர்கள். ஆனால் என் நாற்காலியிலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று உங்களுக்குத் தெரியாது, அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். பட்டறையில் புகை வந்த அன்று எச்சரிக்கை விளக்கு எரிந்தும் வெல்டர் கேஸ் வால்வை மூடவில்லை, அதனால்தான் வேலையை விட்டு நீக்கினோம் என்கிறது கம்பெனி. காது கேளாத அவருக்காகவே வைத்த விளக்கு அது. விளக்கைப் பார்க்கவில்லை என்கிறார் அவர். பேசுவதை அவருக்குச் சைகையில் சொல்வது நேற்று என் முறை. அவர் சைகையில் சொல்வதற்குக் குரல் கொடுப்பது உங்கள் முறை.

கால் மணி நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு ஆபரேஷன் செய்த வயிற்றுத் தையல் இழுக்க ஆரம்பித்தது. வலி என்று சொல்ல மாட்டேன். யாரோ என் தோள்களிலிருந்து ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவதுபோல இருந்தது. இடது கையை வயிற்றில் வைத்துக்கொண்டேன். வலது கை மார்புக்குக் கீழே இறங்கிவிட்டது. அது எனக்கே தெரியாது. கம்பெனி வக்கீல், "விளக்கு எரிஞ்ச நேரத்துல நீங்க என்ன செஞ்சுட்டிருந்தீங்க?" என்று உரக்கக் கேட்டார். அதை நான் ஒற்றைக் கையால், வயிற்றருகே, சின்னதாகச் சொன்னேன்.

சைகையில் அப்படிச் சொன்னால் அது ரகசியம். காதோடு காதாகக் கேட்பது. வெல்டர் என் முகத்தைப் பார்த்தார். தோழியாக நான் தனியே கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். குனிந்து, அதே அளவுக்குச் சின்னதாக, பதில் சொன்னார். நீங்கள் அதற்குக் குரல் கொடுத்தீர்கள்.

"கண் அசந்துட்டேன்."

அறை முழுக்க அவர் பக்கம் திரும்பியது. அவர் திரும்பிய தலைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "நீதானே கேட்டே?" என்றார். அதை நீங்கள் கவனித்திருக்க முடியாது. அதிகாரி பக்கம் திரும்பியிருந்தீர்கள்.

அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கப் போவதில்லை, அக்கா. அவர் தூங்கியதால் கிடைக்காவிட்டால்கூடச் சமாதானம் சொல்லிக்கொள்வேன். என் கை சிறுத்ததால் கிடைக்காமல் போகப் போகிறது.

புழு

*

மார்ச் 5

புத்தகப் புழுவுக்கு,

உன் கடிதத்தைப் படிக்கும்போதே குறுக்கே பேசினேன். யாரோடு சண்டை என்று என் வீட்டுக்காரர் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். ஆகவே கடிதத்திலும் முடியும்.

முதலில் ஒன்று. அவர் கண் அசந்தார். அதை அவர்தான் சொன்னார். உன் கை சின்னதாக இருந்தது என்பதற்காக நடந்தது நடக்காமல் போகாது. அதற்குக் குரல் கொடுப்பது என் வேலை, கொடுத்தேன். நம் கையில் வருவதைச் சல்லடை போட்டுச் சலிக்க நமக்கு உரிமையில்லை. இதை உனக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று ஞாபகம்.

இரண்டாவது. உனக்கு எடுத்தது பித்தப்பையில் கல். இதயத்தை மாற்றவில்லை. துளை போட்டு எடுத்து மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சின்ன ஆபரேஷன் என்று டாக்டரே சொல்லியிருக்க, நீ என்னவோ போர்க்களத்திலிருந்து எழுதுவதுபோல எழுதுகிறாய். என் அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. டாக்டர் சொன்னதை அம்மாவுக்குச் சொல்ல ஆரம்பித்தபோது எனக்கு மேசை எட்டாது, நாற்காலியில் ஏறி நின்று சொல்வேன். பாப்பாவுக்குக் கை வலிக்குமே என்று அன்று யாரும் இடைவேளை விடவில்லை. ஜுரத்தோடு செய்திருக்கிறேன். பிரசவத்துக்கு முந்தின நாள் செய்திருக்கிறேன். இப்போது முட்டி வலியோடு செய்கிறேன். முட்டியைப் பற்றி யாருக்காவது கடிதம் எழுதினேனா?

மூன்றாவது, முக்கியமானது. அடுத்த விசாரணை பத்தொன்பதாம் தேதி. நான் புதுப் பெண்ணைக் கூட்டிப் போகிறேன். அவளுக்கு அனுபவம் போதாது, ஆனால் குதிரை மாதிரி நிற்பாள். நீ வீட்டில் படுத்துக்கொண்டு அந்தத் தடித்தடிப் புத்தகங்களைப் படி. அதிகாரியிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. களைப்பில் தப்பு செய்தேன் என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒருமுறை சொன்னால் போதும், அதற்கப்புறம் நம்மை ஒரு பயல் கூப்பிட மாட்டான்.

சூப் செய்து அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் செய்தது, உப்பு பார்த்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 8

அன்புள்ள அக்கா,

உப்பு சரியாக இருந்தது. மற்றது எதுவும் சரியில்லை.

இதயத்தை மாற்றவில்லைதான். அதுதான் சிக்கலே. பெரிதாக ஏதாவது வந்திருந்தால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசியிருப்பார்கள். சின்னது என்று பெயர் வைத்துவிட்டதால், படுத்துக்கொள்ளக் காரணம் தேட வேண்டியிருக்கிறது. டாக்டரிடம் போனேன். "தையல் ஆறிடுச்சு, இனிமே உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றார். களைப்பாக இருக்கிறதே என்றேன். "அது இருக்கும்." எதுவரைக்கும்? "போற வரைக்கும்." அடுத்தவரைக் கூப்பிட மணியை அழுத்திவிட்டார்.

நேற்று குளித்தேன். தலை துவட்டக் கையைத் தூக்கினேன், பாதியில் கை இறங்கிவிட்டது. மீதித் தலையை யார் துவட்டுவது என்று யோசித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் சொட்டிச் சொட்டிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தூக்கம் வேறு, இது வேறு. தூங்கினால் தூக்கம் போகும். இது தூங்கி எழுந்த பிறகும் கட்டில் ஓரத்தில் எனக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தடித்தடிப் புத்தகங்களைப் படிக்கச் சொன்னீர்கள். நான் படிக்கும் நாவலில் கதாநாயகி கப்பல் ஏறுகிறாள். போன வாரத்திலிருந்து ஏறிக்கொண்டே இருக்கிறாள். அந்தப் பத்தியைத் தாண்ட முடியவில்லை.

அம்மா வேறு. "எதிர்வீட்டு டீச்சரம்மா இதே ஆபரேஷன் பண்ணிட்டு வந்த வாரமே ஜன்னல் திரையெல்லாம் துவைச்சுப் போட்டாங்க."

"அப்ப அவங்களையே மகளா எடுத்துக்கோ."

"வர மாட்டாங்க. அவங்களுக்கு வேலை இருக்கு."

சிரித்துவிட்டேன். சிரித்தால் தையல் இழுக்கிறது, அதனால் அழுவதுபோல இருந்தது. அம்மா பயந்து போய், அன்று முழுக்க டீச்சரம்மா பேச்சையே எடுக்கவில்லை.

அக்கா, நாற்காலி மேல் ஏறி நின்ற அந்தச் சின்னப் பெண்ணை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. உங்களுக்குப் பெருமை வருகிறது. அவளுக்கு யாராவது இடைவேளை விட்டிருக்க வேண்டும். விடவில்லை என்பதற்காக இனி யாருக்கும் கிடையாது என்று நீங்கள் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நாம் ஏன் எப்போதும் ஜோடியாகப் போகிறோம்? ஒரு மூளை இந்த வேலையை இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காது என்று தெரிந்துதானே. உங்கள் பேனா படுத்துக்கொள்வது வேறு எதற்கு? களைப்பை ஒப்புக்கொண்டு, அதற்கு ஒரு முறையும் வைத்திருக்கிற தொழில் நம்முடையது. அதைச் செய்கிற நாம் களைப்பு என்ற வார்த்தையைச் சொன்னால் மானம் போய்விடும் என்கிறோம்.

அன்று மாற்றிக்கொள்ள மறுத்தது என் வீறாப்பு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வெல்டர் ஏன் கண் அசந்தார் என்று யாராவது கேட்டார்களா? நமக்குத் தெரியும். முதல் நாள் காத்திருப்பு அறையில் அவரே நம்மிடம் சொன்னார், தொடர்ந்து இரண்டு ஷிப்டு நின்றதாக. விசாரணையில் அதை அவர் சொல்லவில்லை. சொன்னால் தூங்கியதையும் சொல்ல வேண்டுமே என்ற பயம். எனக்கிருந்த அதே பயம். உடம்பு முடியாமல் அவர் கண்ணை மூடினார், உடம்பு முடியாமல் நான் கையைத் தாழ்த்தினேன். அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, என்னை மட்டும் படுத்துப் புத்தகம் படிக்கச் சொல்கிறீர்கள்.

நான் பத்தொன்பதாம் தேதி வருவேன். அவர் சொன்னதைப் பொய் என்று சொல்லப் போவதில்லை. அந்தக் கேள்வி அவரிடம் சரியாகக் கேட்கப்படவில்லை, அதற்கு என் களைப்பு காரணம் என்று மட்டும் சொல்வேன். திரும்பக் கேட்கட்டும், பெரிய கையால், எல்லோர் முன்னாலும். என்ன பதில் சொல்வது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

புழு

*

மார்ச் 11

புழு,

வராதே.

நல்லபடியாகச் சொல்லிப் பார்த்தேன். வேலை என்று வந்தால் உனக்கு நான் அக்கா இல்லை, உன் ஜோடி. ஜோடியில் ஒருத்தி எழுந்து நின்று நான் தப்பு செய்தேன் என்றால், இன்னொருத்தி அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்பார்கள். உனக்குக் களைப்பு என்றால் எனக்கு என்ன, கண் இல்லையா?

இருக்கிறது. அதைத்தான் எழுத வந்தேன். எழுதக் கூடாது என்று இரண்டு நாள் வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய் இருக்கிறார்.

நான் அதிகாரி பக்கம் திரும்பியிருக்கவில்லை. அப்படி நினைத்து எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்திருக்கிறாய், அது வேண்டாம். "நீதானே கேட்டே?" என்று அவர் உன்னைக் கேட்டதைப் பார்த்தேன். உன் கை சிறுத்ததையும் அதற்கு முன்னாலேயே பார்த்தேன். அவர் குனிந்து பதில் சொன்ன விதத்திலேயே, ரகசியம் என்று நினைக்கிறார் என்பது புரிந்துவிட்டது. நான் பிறந்த வீட்டில் ரகசியமெல்லாம் அப்படித்தான் பேசிக்கொள்வோம். எனக்குப் புரியாமல் போகுமா?

முதல் வாக்கியத்துக்குக் குரல் கொடுத்தேன். இரண்டாவது வாக்கியத்தை விழுங்கினேன். அதைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே எல்லோரும் உன்னைப் பார்த்திருப்பார்கள். நீ வெளுத்துப் போய் உட்கார்ந்திருந்தாய். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அவரை விட்டுவிட்டேன். சல்லடை போட உரிமையில்லை என்று உனக்கு எழுதினேனே, அதை எழுதும்போதே கை கூசியது.

இப்போது தெரிகிறதா ஏன் வராதே என்கிறேன் என்று? நீ உன் பாதியைச் சொன்னால் என் பாதி தானாக வெளியே வரும். உனக்காவது தையல் இருக்கிறது காட்ட. எனக்கு என்ன இருக்கிறது?

அக்கா

*

மார்ச் 13

அக்கா,

உங்களைக் கோபித்துக்கொள்ள உட்கார்ந்தேன். பாதி வழியில் களைத்துவிட்டேன். எனவே இது சுருக்கம்.

உங்கள் பாதியை நான் சொல்ல மாட்டேன். என் பாதியைச் சொல்லாமல் இருக்கவும் மாட்டேன்.

புதுப் பெண்ணையும் கூட்டி வாருங்கள். மூவராகச் செய்வோம். சும்மா ஒரு நாற்காலி போதாது, முதுகு சாய்கிற நாற்காலியில் உட்கார்ந்துதான் செய்வேன். பத்து நிமிடத்துக்கு மேல் தொடர மாட்டேன். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று வாயால் சொல்வேன், பேனாவுக்காகக் காத்திருக்க மாட்டேன். இதையெல்லாம் விசாரணை அலுவலகத்துக்குப் போனில் சொல்லிவிட்டேன். போனை எடுத்தவர், "இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் வரணும்?" என்றார். "உங்ககிட்ட நாற்காலி இருக்கா, இல்லையா?" என்றேன். இருக்கிறதாம்.

நீங்கள் வராவிட்டால் நானும் புதுப் பெண்ணும் செய்வோம். ஆனால் நான் பேசும்போது அதை வெல்டருக்குக் கையில் சொல்ல நீங்கள் இருந்தால் நன்றாக இருக்கும். உங்கள் கை எப்போதும் சிறுத்ததில்லை.

புழு

*

மார்ச் 20

புழுவுக்கு,

டாக்ஸியில் ஏற்றிவிடும்போதே எல்லாவற்றையும் உன்னிடம் சொன்னேன். "ம், ம்" என்றாய். ஒன்றும் ஏறியிருக்காது. இன்று காலை போன் செய்தேன், நீ இன்னும் எழவில்லை என்றார் உன் அம்மா. "டீச்சரம்மாவும் ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு மாசம் மத்தியானமெல்லாம் படுத்தே கிடந்தாங்களாம், இப்பத்தான் சொல்றாங்க" என்று முணுமுணுத்தார். ஆகவே எழுதியே அனுப்புகிறேன்.

முதலில் நீ பேசியது. உனக்கு அது எப்படி இருந்ததோ தெரியாது, நான் பார்த்ததைச் சொல்கிறேன். அதிகாரி, "மொழிபெயர்ப்பாளர் சொந்தமாப் பேசற வழக்கம் உண்டா?" என்று கேட்டார். "இல்லை சார், இன்னைக்கு மட்டும்" என்றாய். எழுந்து நிற்கக்கூட இல்லை. அந்தச் சாய்வு நாற்காலியில் ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்தபடியே சொன்னாய். கம்பெனி வக்கீல் இரக்கம் சொட்ட, "சார், இவங்க ஆபரேஷன் ஆனவங்க. பாவம், உடம்பு முடியாம ஏதோ சொல்றாங்க" என்றார்.

"உடம்பு முடியலைங்கறதைத்தான் சார் நானும் சொல்ல வந்தேன்" என்றாய் நீ.

அதைக் கையில் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெல்டரும் சிரித்தார். விசாரணை தொடங்கிய நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

நீ உன் பாதியை முடித்தாய். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை வீம்புக்கு வாயை மூடிக்கொண்டிருப்பேன். "சார், அன்னைக்கு இவர் இன்னொரு வாக்கியமும் சொன்னார். நான் குரல் கொடுக்கல" என்றேன். அது என்ன என்று கேட்டார், சொன்னேன். வக்கீல் எழுதுவதை நிறுத்தினார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி, கால் மணி நேரம் இடைவேளை என்றார். நீ வராந்தா பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்து, "ஆரம்பிச்சதும் எழுப்புங்க" என்றாய். நான் எழுப்பவில்லை. அதற்குக் கோபித்துக்கொள். நீ வந்த வேலை முடிந்திருந்தது. மீதியைச் செய்ய நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்.

நீ பார்க்காதது இதுதான். அதே கேள்வியை வெல்டரிடம் நான் கேட்டேன். இரண்டு கையாலும், தோள் அகலத்துக்கு. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் கேக்கற மாதிரிதானே கேக்கறே?" என்றார். புதுப் பெண் அதற்கும் குரல் கொடுத்தாள், விழுங்காமல். ஆமாம் என்றேன்.

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். வக்கீல் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்துக்கொள்ளும் அளவுக்குக் கையை வீசினார்.

"கண் அசந்தேன். ஆமா. முந்தின நாள் சாயங்காலம் வேலைக்குப் போனவன், மறுநாள் மத்தியானம் வரைக்கும் அங்கேயே நின்னேன். மாத்த வேண்டிய ஆள் வரல. கொஞ்சம் உட்காரட்டுமான்னு மேஸ்திரிகிட்ட கேட்டேன். அவர் சாய்ஞ்சு தூங்கற மாதிரி நடிச்சுக் காமிச்சு எல்லாரையும் சிரிக்க வெச்சார். விளக்கு எரிஞ்சுதா, எரிஞ்சுதான்னு இத்தனை தடவை கேக்கறீங்க. எத்தனை மணி நேரம் நின்னேன்னு ஒருத்தரும் கேக்கல. இப்பக் கேளுங்க."

அதிகாரி கேட்டார். கம்பெனியிடம் வருகைப் பதிவைக் கொண்டுவரச் சொன்னார். அப்போதுதான் வக்கீலுக்கு இருமல் வந்தது.

இனி கெட்ட செய்தி. வெளியே வரும்போது அலுவலகச் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நம் இருவர் பெயரையும் பட்டியலில் வைத்துக்கொள்வதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது என்றார். நான் பணிவாகப் பேசத்தான் நினைத்தேன். முட்டி வலித்தது. "யோசிக்கறதுன்னா உட்கார்ந்து யோசிங்க, நின்னு யோசிச்சா தப்பா வரும்" என்று சொல்லிவிட்டேன்.

உன் சகவாசம்.

எழுந்ததும் சாப்பிடு. எழ முடியாவிட்டால் எழாதே.

அக்கா

*

ஏப்ரல் 27

அன்புள்ள அக்கா,

எழுப்பாததற்குக் கோபித்துக்கொள்ள நினைத்திருந்தேன். பெஞ்சில் நான் தூங்கிய தூக்கத்தை நினைத்தால் கோபம் வரவில்லை.

உத்தரவின் நகல் இன்று எனக்கும் வந்தது. வெல்டரைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும். வேலை இல்லாமல் இருந்த மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது. கண் அசந்தது அவர் தவறு என்று ஒரு வரி இருக்கிறது. ஆள் மாற்றாமல் நிற்க வைத்தது நிர்வாகத்தின் தவறு என்று அதற்கு அடுத்த வரி. நம்மைப் பற்றி எதுவும் இல்லை. அந்த அலுவலகம் அதற்குப் பிறகு நம்மைக் கூப்பிடவில்லை. நேற்று போன் செய்து கேட்டேன், கூப்பிடும் எண்ணமும் இல்லை என்றார்கள். புதுப் பெண்ணைக் கூப்பிட்டார்களாம். ஜோடியும் சாய்வு நாற்காலியும் இல்லாமல் வர மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

மத்தியானத்தில் இன்னும் படுத்துக்கொள்கிறேன். யாரிடமும் காரணம் சொல்வதில்லை.

வெல்டர் திங்கட்கிழமை வேலைக்குப் போனார்.

புழு